அம்மா முன்னுக்கு இறங்கிய மேடு

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. இணுவிலில் வளர்ந்த எனக்குப் பதினொரு வயதுவரை தெரிந்த ஆகப்பெரிய ஏற்றம் எங்கள் வீட்டு மாடிப்படிதான். வடமராட்சி கிழக்கின் மணல்மேடுகளைக் கண்டதும் இமயமலையே வந்துவிட்டதென்று துள்ளினேன்.

அன்று அங்கே குடும்பப் போட்டி. பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் சோடியாக, வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு, மறைவாக நட்ட ஆறு கொடிகளை வரிசைப்படி தேடிப்பிடிக்க வேண்டும். எந்த வழியால் போவதென்பது அவரவர் விருப்பம். முதற்பரிசு கியர் சைக்கிள். அதற்கு நான் பெயர்கூட வைத்துவிட்டேன். அப்பாவுக்கு முழங்கால் நோ என்பதால் அம்மாதான் என் சோடி.

மூன்றாம் கொடிவரை நாங்கள்தான் முன்னுக்கு நின்றோம். நாலாவது கொடி ஒரு மேட்டுக்கு அப்பால் இருந்தது. மேட்டின் மேலால் நேரே போனால் இருநூறு மீற்றர். சவுக்கமரங்களுக்குள் போகும் பாதையால் சுற்றினால் அதைப்போல் நாலு மடங்கு.

"பாதையாலை போவம்" என்றார் அம்மா.

"ஏனம்மா? உது பெரிய சுத்தெல்லோ!"

"ஆக்கள் நடக்கிற வழியாலை போறதுதான் நல்லது."

மிதிவெடியெல்லாம் எடுத்து எத்தனையோ வருசம், பயமில்லாமல் ஓடலாம் என்று நடத்துநர்கள் காலையிலேயே சொல்லியிருந்தார்கள். அம்மாவும் தலையாட்டினார். மிதிவெடி என்றால் எனக்குப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய மண்டையோட்டுப் படம், அவ்வளவுதான். அம்மாவுக்குக் களைப்பு என்று முடிவுகட்டி, கையை உதறிக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினேன்.

"நில்! அசையாதை! அப்பிடியே நில்!"

அது அம்மாவின் குரலென்று நம்பவே முடியவில்லை. உச்சியில் நின்று திரும்பினேன். குனிந்து மணலைப் பார்த்தபடி, என் காலடித் தடங்களில் ஒவ்வொன்றாகத் தன் காலை வைத்து ஏறிக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தேன். கீழே இன்னொரு சோடி பாதையால் ஓடுவதைக் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

"கெதியா வாங்கோவன்! சைக்கிள் போகப்போகுது!"

வந்துசேர்ந்ததும் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அன்றுவரை என்மேல் கைவைக்காத அம்மா! எனக்கு அழுகைகூட வரவில்லை. அம்மாதான் அழுதார். அடித்த கையாலேயே என்னை இறுக்கிப் பிடித்தார்.

கொடி அங்கே கண்முன்னே ஆடிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்க்கவேயில்லை. வந்த வழியே திரும்பினார். வழி எங்கே? கடற்காற்று எங்கள் தடங்களை அதற்குள் மூடிவிட்டிருந்தது. கொஞ்சநேரம் வெறும் மணலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் முன்னுக்குப் போறன். என்ரை கால் பட்ட இடத்திலை மட்டும் கால் வை. விளங்குதே?"

"ஓம்" என்றேன்.

அம்மாவுக்கு ஓர் அக்கா இருந்தார் என்பதே எனக்குப் பதினெட்டு வயதில்தான் தெரியவந்தது. இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய நாளில், வீட்டுக்குக் கெதியாகப் போகலாமென்று வெறுங்காணிக்குள்ளால் முன்னுக்கு ஓடியவர் அந்த அக்கா. பின்னால் வந்த அம்மாவுக்கு அப்போது பதினொரு வயது.

அன்று கடைசியாய் வந்தோம். சைக்கிள் போன ஆத்திரத்தில், அம்மாவின் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு சாண் தள்ளி, வேண்டுமென்றே கால் வைத்து இறங்கினேன். அம்மா முன்னுக்கு நடந்தது எனக்கு வழிகாட்டத்தான் என்று நினைத்துக்கொண்டு.