வழிவயலில் இரண்டு சக்கரத் தடங்கள்

டிராக்டர் வாங்கியதற்காக நான் வருந்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரம் வந்துதான் உறவுகள் கெட்டன என்று இந்தப் பக்கத்தில் இப்போது பலரும் பேசுகிறார்கள். என் குடும்பத்தையும் அதற்குச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அந்த வண்டி யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. செய்தவன் நான்.

எங்கள் நிலம் வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில், ஏரிக்குக் கீழே. என் வயலுக்கு அண்ணியின் வயலைக் கடந்துதான் போகவேண்டும். ஒரு பக்கம் வாய்க்கால், மற்ற இரு பக்கமும் பிறர் வயல். இதற்கென்று எங்களிடம் ஒரு முறை இருந்தது. உள்வயல்காரன் முதலில் உழுது நட்டுவிட்டு வெளியே வருவான். வழிவயல்காரர் அதுவரை காத்திருந்து கடைசியில் நடுவார். அண்ணன் இறந்தபின் தனியாகப் பயிர் வைத்த அண்ணி, ஒவ்வொரு வருஷமும் எனக்காகக் காத்திருந்தார். அந்த ஒரு காணியைத் தவிர அவருக்கு வேறு நிலம் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பயிரும் வைத்திருந்தேன். பதினெட்டுக் குதிரைத்திறனில் ஒரு சின்ன டிராக்டர் வாங்கத் தீர்மானித்தேன். பெரிய வண்டி எங்கள் வயல்களுக்குள் திரும்பாது. அந்தத் தேர்வு சரியானது. இன்றைக்கும் அதற்காக யாரோடும் வாதாடுவேன். ஆடியில் எருதுகளை விற்றேன். பிறகு வண்டியோடு என்னென்ன வாங்குவது என்று ஐந்து வாரம் காஞ்சிபுரத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். கலப்பையைப் பற்றிக் குழப்பமில்லை. சேற்றில் புதையாமலிருக்கப் பின்சக்கரத்தோடு பூட்டும் இரும்புக் கூண்டு, அதாவது கேஜ் வீல், வாங்குவதா, டிரெய்லர் வாங்குவதா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் வசதியில்லை.

"சேத்து நெலமா சார்? அப்போ கேஜ் வீல்தான் சார் மொதல்ல" என்றார் விற்பனையாளர்.

"சேத்துல வருஷத்துக்கு நாலு நாள் வேலை. டிரெய்லர்ல வருஷம் பூரா வேலை."

"அந்த நாலு நாள்ல வண்டி முங்கிச்சுன்னா என்னெத் தேடி வராதீங்க சார்" என்று சிரித்தார்.

நான் டிரெய்லரைத்தான் வாங்கினேன். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக் கட்டடத்துக்குச் செங்கல் ஏற்றித் தருவதாக முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தேன். பட்டதாரி வாத்தியார் கணக்குப் போட்டால் தப்பாது என்ற நினைப்பு.

இதற்குள் அண்ணியின் நாற்று வளர்ந்துகொண்டிருந்தது.

"இன்னா தம்பி, நாத்து முப்பது நாளு தாண்டிச்சு. இன்னும் புக்கு படிச்சிகினு கீறே."

"வண்டி வந்தா ஒரே நாள் வேலை அண்ணி."

"அது வர்றதுக்குள்ள நாத்துக்குக் கல்யாண வயசு வந்துடும்."

முற்றிய நாற்று தூர் கட்டிக் கிளைக்காது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் அவரைக் காக்கவைத்தேன்.

வண்டி வந்தபோது நாற்றுக்கு நாற்பத்திரண்டு நாள். அண்ணிதான் ஆரத்தி எடுத்தார். நடாமல் கிடந்த அவர் வயலைத் தாண்டி, தண்ணீர் கட்டியிருந்த என் வயலில் இறக்கினேன். இரண்டாவது சுற்றில் பின்சக்கரங்கள் அச்சுவரை புதைந்தன.

"வாத்தியார் எருமைய குளிப்பாட்டறாருடா" என்றது கரையில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

"வெளிய வர எத்தினி நாளாவும்?"

"தெரியலை அண்ணி."

"அப்ப நான் நடறேன்."

"வண்டி உள்ளே இருக்குதே."

"கெடக்கட்டும். தை மாசம் அறுப்பு ஆனப்பறம் ஓட்டிகினு போ."

மறுநாளே ஏர் பிடித்து ஓட்டி, அதற்கு அடுத்த நாள் பெண்களை வைத்து நட்டுவிட்டார். அந்த முறையை அதுவரை யாரும் மீறியதில்லை. அவர் செய்தது நியாயம். நியாயம் என்று தெரிந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

எட்டு ஆள் வைத்துப் பலகை போட்டு வண்டியை மேட்டுக்கு ஏற்றினேன். கண்ணுக்கு எதிரே அவர் வயல். அதற்கு அப்பால் சாலை. செங்கல்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்.

இனிச் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணியின் தண்ணீர் முறை முடிந்த மறுநாள் மத்தியானம், அவர் வயலின் வடிகால் பக்கத்து வரப்பின் அடியில் கடப்பாரையால் துளை போட்டேன். தண்ணீர் வடிந்து மண் இறுகினால் வண்டி புதையாது. துளை நண்டு வளை மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். பௌதிகம் அதற்கும் பயன்பட்டது.

காலையில், தண்ணீர் முழுக்க வடிந்துபோன பிறகு, அவர் வைக்கோலும் சேறும் திணித்து அதை அடைத்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்: "உன் வரப்பையும் பாத்துக்க தம்பி. நண்டு ஜாஸ்தியா கீது." அடுத்த தண்ணீருக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பகலில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நட்ட பயிரின்மேல் ஓட்டினேன். அவர் வரப்பில் நின்றார். "முன்னாடி பாத்து ஓட்டு" என்று மட்டும் சொன்னார்.

பிறகு நாற்றுக் கட்டுகள் அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார். சக்கரத் தடங்களில் அவர் மறுநடவு செய்யவே இல்லை. தை மாதம் வரை, ஏரிக்கரையில் நடந்த எல்லோருக்கும் தெரியும்படி, பயிருக்கு நடுவே இரண்டு வெற்றுக் கோடுகள் கிடந்தன. வழக்கத்தில் பாதி நெல்கூட அவருக்குத் தேறவில்லை. மறு வருஷம் நான் கேஜ் வீல் வாங்கினேன். அவர் காத்திருக்கவில்லை, முதலிலேயே நட்டார். என் வயல் தரிசாகக் கிடந்தது. கிடக்கட்டும், அது தகும்.

அண்ணி என்னை மன்னித்துவிட்டார் என்று உறவினர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். அவர் மன்னித்தது சக்கரத் தடத்தை. அந்தத் துளையை மன்னிக்கவோ மறுக்கவோ நான் அவருக்கு இடமே தரவில்லை. சாகும்வரை அந்த வருஷத்து நண்டுகளைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வரப்பில் நண்டே இல்லை அண்ணி.