படிக்க முடியாத பக்கத்தைப் போன் வாசித்தது

எழுதிப் பழக்கமில்லாதவள் நான், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் வேலை இருப்பதுபோல அடுக்களைக்குள் போய்விடுகிற ஆள் நான். இதை நீங்கள் நம்புவீர்கள் என்றும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கேட்டது நான் மட்டுமில்லை, இரண்டு பேர்.

என் வீட்டுக்காரர் பொன்முடி மலைக்குப் போகிற பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். சர்க்கரை வியாதி ஒரு கண்ணைக் கொண்டுபோய்விட்டது. மற்றதற்கு உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ பயத்தில் இரண்டு தடவை தேதியைத் தள்ளிவிட்டார். மூன்றாவது தேதி நெருங்கியபோது புதிதாக ஒரு சாக்கு. வேலையில் இருந்த காலத்தில், மலைமேல் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பத்திரிகையில் விண்வெளித் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தாராம். தனியாகக் கப்பலோட்டிப் போகிற ஒருவன், கண்ணாடி முழுக்கச் சாம்பல் அப்பி வெளியே எதுவும் தெரியாமல், ஒரு கிரகத்தில் இறங்க வேண்டும். அந்த இடத்தோடு பத்திரிகையே நின்றுபோய்விட்டது.

"அவன் இறங்கினானா இல்லியான்னு தெரியாம நான் எங்கயும் வரமாட்டேன், கேட்டியா" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் போனை எடுத்துத் தேட உட்கார்ந்துவிட்டேன். இலவசக் கதைகள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், தொட்டால் போன் நம்பர் கேட்கும், கொடுத்தால் முதல் அத்தியாயம் மட்டும் திறக்கும், இரண்டாவதுக்குப் பூட்டு. இன்னொன்றில் கதையை மறைத்துக்கொண்டு சேலை விளம்பரம், அதை மூடுகிற பெருக்கல் குறி என் விரலுக்கு அகப்படவே அகப்படாது. மாயாஜாலக் கதை என்று திறந்தால் உள்ளே மாமியார் மருமகள் சண்டை. இருப்பது திருவனந்தபுரம் என்பதால் பாதி மலையாளத்தில் வந்து நிற்கும். யாரிடமாவது கேட்கலாம் என்றால் எனக்குக் கூச்சம். எரிச்சலில் அழுகையே வந்தது.

மறுநாள் ஆபரேஷன் என்றிருந்த சாயங்காலம்தான் அந்தக் கதையின் பெயரோடு ஒரு பழைய பக்கம் கிடைத்தது. திறந்தால் உள்ளே ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. இங்கிலீஷ் எழுத்தும் கொம்பும் கோடுமாக ஒரே குப்பை. அந்தக் காலத்து எழுத்துரு இப்போதைய போனில் அப்படித்தான் தெரியும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"போகாண்டாம்னு உன் போனே சொல்லுது பாரு" என்றார்.

கோபத்தில் திரையைக் கண்டபடி அழுத்தினேன். அவருக்குச் செய்தி வாசித்துக்காட்டுகிற பொத்தானில் விரல் பட்டிருக்க வேண்டும், போன் வாசிக்கத் தொடங்கியது. சுத்தமான தமிழ். தினமும் செய்தி வாசிக்கிற அதே பெண்குரல். திரையில் குப்பை அப்படியே இருக்கிறது, கதை தடங்கலில்லாமல் வருகிறது. இவர் "இதுதான், இதேதான்" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். சாம்பல் அப்புகிற இடம் வந்ததும் குரல் நின்றது. இருமியது. நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, இருமியது.

"வெள்ளம் குடிச்சிட்டு மெள்ள வாசிக்கச் சொல்லு" என்றார் இவர், பாதிச் சிரிப்பாக.

கொஞ்சம் பொறுத்து மீதியையும் வாசித்தது. அவன் இயந்திரத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுக் கேட்டுக் கப்பலை இறக்கினான், கதவைத் திறந்தான், வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் கதை.

இவர் மறுபடி படுத்துக்கொண்டார். பிறகு, "மலை வளைவுல மஞ்சு மூடி வழி தெரியாதப்போ நானும் அப்படித்தான் வண்டி எறக்கியிருக்கேன். காலையில நேரத்தோட எழுப்பு" என்றார்.

பல நாள் கழித்து, கூச்சத்தை விட்டு, கிழக்கேகோட்டையில் ஒரு டிடிபி கடைப் பெண்ணிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவள் எழுத்தை மாற்றிக் காட்டினாள். கண்ணாடியில் சாம்பல் அப்பியதும் 'மீதி அடுத்த இதழில்' என்று இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இப்போது அந்தப் பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் போன் ஏ, பி, கோடு, கோடு என்கிறது. இவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. தினமும் செய்தி ஓடும்போது, அந்தக் குரல் மறுபடி இருமிவிடுமோ என்று என் காது அங்கேயே இருக்கிறது.

அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மத்தியானத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. கண்ணில் கட்டோடு கஞ்சி குடித்தார்.