காலி ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர்

தோ பாயோ அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் மாடிக்கு, கடும் வெயில் தொடங்கும் முன்பு வருடத்துக்கு ஒருமுறை ஓர் ஆம்புலன்ஸ்காரர் காலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வருவார். நடைபாதையில் வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான். நாற்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த கழுத்து. ஸ்ட்ரெச்சர் பூந்தொட்டியில் இடித்தால், தொட்டியிடமே "சாரி" என்பார்.

கடைசி வீடு எங்களுடையது. என் கணவர் இதய நோயாளி. இந்த முறையும், பக்கத்து வீட்டார் வெளியே வைத்திருக்கும் செருப்பு அலமாரியைத் தாண்டி ஸ்ட்ரெச்சர் வரவில்லை.

"அக்கா, இதை எடுக்கச் சொன்னீங்களா?"

"கேக்கக் கூச்சமா இருக்கு தம்பி. போன வருஷம் நீங்களே சொன்னீங்க, அப்பவும் எடுக்கல."

"அடுத்த வருஷமும் எடுக்க மாட்டாங்க லா."

"அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

"எங்கேர்ந்து கையில தூக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான். வெயில் வந்துட்டா ஃபோன் மேல ஃபோன் வரும், நின்னு யோசிக்க நேரமிருக்காது. அண்ணன் எத்தனை கிலோ?"

"எண்பத்தஞ்சு."

எழுதிக்கொண்டார்.

வெயில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவை நான் இன்னும் தட்டவில்லை. என் கணவருக்கு ஏதாவது ஆனால், அன்று அந்தத் தம்பிக்கு வேலை நாளாக இருக்கவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.