அக்கா வாளியில் ஊற்றிய மருந்து

குகட்பள்ளியில் அக்கா குடியிருந்த வீட்டுக் குளியலறை ஜன்னலில், காயம் கழுவும் மருந்துப் புட்டி ஒன்று எப்போதும் இருக்கும். டேங்கர் தண்ணீர் என்றாலே அக்காவுக்கு அருவருப்பு. கர்ப்பமானதும் அது பயமாகிவிட்டது. வாளித் தண்ணீர் வெளுக்கும்வரை மருந்தை ஊற்றுவாள். குழந்தையைக் கிருமி அண்டக்கூடாதென்று, பிறப்புறுப்பின் உள்ளேயும் அந்தத் தண்ணீரை விட்டுக் கழுவியிருக்கிறாள். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சுத்தத்துக்குப் பேர்போன குடும்பம் எங்களுடையது. செகந்திராபாத் ரயில்வே காலனியில் இருந்தபோது வாசற்படியைக்கூட சோப்புப் போட்டுத் தேய்ப்போம். ஆனால் உடம்பில் அந்த இடத்துக்கு மட்டும் எங்கள் வீட்டில் பெயரே கிடையாது. அம்மா 'அங்கே' என்பாள், அதுவும் குரலைத் தாழ்த்தி. எரிச்சலும் அரிப்பும் வந்தபோது அக்கா அவளிடம்தான் சொன்னாள். "சூடா இருக்கும், மோர் குடி. இதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்றது நக்கோ, வேணாம், அசிங்கம்" என்றாள் அம்மா. அக்கா மோரும் குடித்தாள், மருந்தையும் கூட்டினாள். எரிந்தால் கிருமி சாகிறது என்று நினைத்தாளாம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

ஏழாம் மாதம் தொடங்கும் முன்பே பனிக்குடம் உடைந்தது. பிள்ளை தங்கவில்லை. உள்ளே எதையும் விட்டுக் கழுவக்கூடாது, வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவினாலே போதும் என்றார் டாக்டர். மருந்தால்தான் இப்படி ஆனது என்று அவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. தொற்று இருந்தது, அரிப்பு வந்தவுடனே சொல்லியிருந்தால் வைத்தியம் பார்த்திருக்கலாம் என்றார்.

இப்போது எனக்கு ஐந்தாம் மாதம். போன வாரம் என்னைப் பார்க்க வந்த அக்கா, குளியலறையிலிருந்து அதே மாதிரிப் புட்டியோடு வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"இது எதுக்குடி?"

"தரை துடைக்க."

உண்மையைத்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை. அறைக்கதவைச் சாத்திவிட்டு, எங்கள் வீட்டில் யாரும் கேட்காததைக் கேட்டாள்.

"அரிக்குதா? எரியுதா? எங்கிட்ட சொல்லு."

இரண்டு நாளாக அரித்துக்கொண்டுதான் இருந்தது. எல்லாம் தெரிந்தும், கட்டிய கணவரிடம்கூட என் வாயிலிருந்து அது வரவில்லை. ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அக்கா திட்டவில்லை. புட்டியைத் தன் கைப்பையில் திணித்துக்கொண்டு என் செருப்பை எடுத்து என் காலடியில் போட்டாள்.

"நட, டாக்டர்கிட்ட போலாம். உனக்கு வாய் வரலைன்னா நான் சொல்றேன்."