உப்பு ஏறாத வீடு

கண்களை இறுக மூடிக்கொண்டு நடக்கிறார் சௌந்தரவல்லி. பட்டப்பகல், மணி பதினொன்று. அடுக்களையிலிருந்து ஏழு அடி வைத்ததும் வலக்கை நீள்கிறது. சுவரில் அரிக்கேன் விளக்கு. அங்கிருந்து மூன்று அடி. மாடத்தில் மூடி இறுக்கிய ஹார்லிக்ஸ் பாட்டில், உள்ளே தீப்பெட்டிகள். திரும்பி ஐந்து அடி. கதவுக்குப் பின்னால் ஆணியில் கயிற்றுச் சுருள், அதன் கீழே அரிவாள். அடுத்த திருப்பத்தில் கால் எதிலோ இடறியது. கண்ணைத் திறந்தார். கணவர் கழற்றிப் போட்ட பூட்ஸ்.

"என்னாங்க, இதை ஓரமா வைங்கன்னு எத்தினி தடவை சொல்றது? இருட்டுல நான் இதுல விழுந்தா யாரு வந்து தூக்குறது?"

"இப்ப எங்கடி இருட்டு?" கொல்லையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இருட்டு வந்தப்பறமா ஒத்திகை பாக்குறது?"

பூட்ஸுக்குரியவர் சோமசேகரன், மின்சாரத் துறையில் லைன்மேன். காரைக்கால் பக்கத்துப் போலகத்தில், தன் ஊரிலோ அடுத்திருக்கும் பட்டினத்திலோ கம்பி அறுந்தால் கம்பத்தில் ஏறுகிறவர். அவர் வீட்டிலேயே கரண்டுக்கு மரியாதை கிடையாது. இரண்டு பல்பு தொங்குகின்றன. பொழுது சாய்ந்தால் எரிகின்றன. ஆனால் அவற்றின் பக்கத்திலேயே திரி கத்தரித்த விளக்கும் எண்ணெய் நிரம்பித் தயாராக இருக்கும். கேட்டால் சௌந்தரவல்லி சொல்கிறார்: "கரண்டு விருந்தாளி மாதிரிங்க. வந்தா உக்காரச் சொல்லணும். அதை நம்பி உலை வைக்கப்படாது."

நாற்பத்திரண்டு வயது. குள்ளம். பேச்சு வேகம், நடை அதைவிட வேகம். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். காலையில் முதல் குடம் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நுனிநாக்கால் தொட்டு, "மண்ணு வாசம் இன்னைக்குக் கம்மி" என்பார். மழை பெய்தால் ஓட்டு விளிம்பில் விரல் வைத்து நக்கிப் பார்ப்பார். கடல்காற்று எவ்வளவு உப்பைக் கொண்டுவந்தது என்று அதில் தெரியுமாம். இந்த வேடிக்கையைப் பார்க்கவே அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியருகே வந்து நிற்பதுண்டு.

வீடும் கொல்லையுமாக இரண்டு மா, முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். வாழை, முருங்கை, அவரைப்பந்தல், ஒரு பசு, பத்துப் பதினைந்து கோழி. கடைத்தெருவுக்கு அவர் போவது மண்ணெண்ணெய்க்கும் தீப்பெட்டிக்கும் துணிக்கும்தான். வீட்டை ஒட்டி நல்ல காய்ப்பில் இருந்த இரண்டு தென்னைகளை வெட்டிச் சாய்த்தபோது ஊரே வயிறெரிந்தது. அவரோ, "வீட்டு மேல விழுற தூரத்துல நின்னா அது மரமில்லைங்க, உலக்கை" என்று சொல்லிவிட்டு, அந்த மரங்களையே அறுத்து மாட்டுக்கொட்டகைக்குத் தூண் போட்டார்.

எல்லோரும் வாசலுக்கு அழி கம்பியும் பூப்போட்ட தளமும் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இவர் கணவரிடம் மன்றாடி வீட்டின் பின்புறம் மேலே கான்கிரீட் தளம் ஒட்டிய அறை ஒன்றைக் கட்ட வைத்தார். ஜன்னல் ஒன்றுதான், அதுவும் சின்னது. உள்ளே இடுப்பளவு மேடை. மேடை மேல் காய்ந்த வறட்டி, உமி மூட்டை, கொட்டாங்கச்சி. பரணில் எட்டு மண்பானைகள். வாயில் வைக்கோல் திணித்து, களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசியவை. "வறட்டிக்குக் கான்கிரீட் வீடு கட்டின மகராசி" என்று ஊரில் பெயராயிற்று.

அதைவிடப் பெரிய கேலி அடிபம்புக்கு. அவர் வீட்டுக் கொல்லையில் அடிபம்பு தரையில் இல்லை. ஐந்தடி உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, சுற்றிலும் சிமெண்டு பூசி, அதன் உச்சியில் நிற்கிறது. தண்ணீர் அடிக்க ஆறு படி ஏற வேண்டும். எதிர்வீட்டு ரொபேர் இதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவருடைய பல்செட் கழன்று விழுந்தது என்பார்கள். ரொபேர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன்வரை போய்ச் சண்டையிட்டு ஓய்வு பெற்றவர். போலகத்தில் முதலில் மோட்டார் வைத்ததும், தூண் மேல் தொட்டி கட்டியதும், அடுக்களைக்குள் குழாய் இழுத்ததும் அவர்தான்.

"தங்கச்சி, தண்ணி அடிக்கிறதுக்கு மாடியா? நான் சைகோன்லயே பாத்ததில்லை! என் வீட்டுல பாரு, திருகினா தண்ணி."

"இருக்கட்டும் அண்ணே. எனக்குத் திருகத் தெரியாது, ஏறத்தான் தெரியும்."

அதற்குமேல் அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. அவரைப் பற்றி எழுத வந்த எனக்குச் சொன்னார். ஐம்பத்திரண்டில் அடித்த புயலின்போது அவருக்குப் பதினான்கு வயது, பிறந்த ஊர் விழிதியூர். வீடு விழுந்தது, மாடு செத்தது, ஆனால் ஒருவருக்கும் காயமில்லை. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார்கள். நான்காம் நாள், குட்டைத் தண்ணீரைக் குடித்த ஏழு வயதுத் தம்பிக்கு வாந்தியும் பேதியும் கண்டது. சுள்ளி எல்லாம் நனைந்துபோய், ஒரு செம்பு தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்தத் தெருவில் நெருப்பு இல்லை.

"காத்து அவனை ஒண்ணும் பண்ணலைங்க. காத்துக்கு அப்பறந்தான் போனான்." சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பசுவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார்.

எழுபத்தேழு ஐப்பசிக் கடைசியில் வந்த புயலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். காற்று எப்படி ஊளையிட்டது, கூரை எப்படிப் பறந்தது என்பதெல்லாம் வாசகர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது விடிந்த பிறகு நடந்தது.

முதல் நாளே ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். சோமசேகரனை வேலைக்கென்று காரைக்காலுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். சௌந்தரவல்லி கூரை மேல் கயிறு போட்டுக் கட்டினார். பசுவை அவிழ்த்துவிட்டார். வீட்டிலிருந்த அண்டா, குடம், தவலை அத்தனையிலும் நல்ல தண்ணீரை நிரப்பி மூடினார். தெருவில் வீடு வீடாகப் போய், "தண்ணி ரொப்பி வைங்க, காத்து பலமாயிட்டா நம்ப வீட்டுக்கு வந்துடுங்க" என்றார். சிலர் வந்தார்கள். சிலர் வாசலில் நின்றபடியே வேண்டாமென்று கையாட்டினார்கள்.

விடிந்தபோது தெருவில் தொடையளவு தண்ணீர். கடல் ஆற்று வழியாக ஏறி வந்திருந்தது. கம்பங்கள் படுத்துக் கிடந்தன. கூரை இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தளம் ஒட்டிய அறையில் பத்தொன்பது பேர் ஒடுங்கியிருந்தார்கள். மதியத்துக்குள் நாற்பத்து மூன்று பேரானார்கள். ஊர்க் கிணறுகளெல்லாம் உப்பு. அரிசி வைத்திருந்தவர்களிடம் காய்ந்த விறகு இல்லை. சௌந்தரவல்லி வெள்ளம் எட்டாத மேடைக்குப் படியேறிப் பம்பை அடித்தார். முதல் வீச்சை உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்தார். நாற்பது பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிக்குது!" என்றார்.

உமி அடுப்பு மூட்டினார். பாட்டிலைத் திறந்து கிழித்த முதல் குச்சியே பற்றியது.

கொஞ்ச நேரத்தில் ரொபேர் வந்தார். இடுப்புவரை சேறு. அவருடைய தொட்டி தூணோடு விழுந்து கிடந்தது, மோட்டார் மூழ்கிவிட்டது. கையில் ஒரு பித்தளைக் குடம். படிக்குக் கீழே வந்து நின்று பம்பை அண்ணாந்து பார்த்தார்.

"ஏறி வாங்கண்ணே. ஆறு படிதான்."

ஏறினார். குடத்தை நிரப்பிக் கொடுத்தவர் அதோடு விடவில்லை. "ஒரு உதவி செய்யணும். இங்க யாரும் பச்சைத் தண்ணி குடிக்கப்படாது. காய்ச்சினதைத்தான் குடிக்கணும். நான் சொன்னா கேக்க மாட்டாங்க. உங்க சத்தத்துக்குத்தான் பயப்படுவாங்க."

பழைய சிப்பாய்க்கு முதுகு நிமிர்ந்தது. அன்றிலிருந்து படியடியில் ஒரு கம்போடு காவல் நின்றார். யாராவது குவளையோடு பம்பை நெருங்கினால் "ஆல்த்!" என்று நிற்கச் சொல்லிப் பிரெஞ்சில் ஒரு அதட்டல். மூன்றாம் நாளுக்குள் தெருப்பிள்ளைகள் எல்லாம் ஒருவரையொருவர் "ஆல்த்!" என்று மிரட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த மூன்றாம் நாள் காலையில்தான் அஜீசுன்னிசா வந்தாள். பட்டினத்திலிருந்து தண்ணீரில் நடந்தே வந்திருக்கிறாள். தோளில் மூன்று வயதுப் பெண்குழந்தை. கிணற்று நீரைக் குடித்த பிள்ளைக்கு விடியற்காலையிலிருந்து பேதி. கண் குழிக்குள் போய்விட்டது. அழுதது, கண்ணீர் வரவில்லை.

"இங்க நல்ல தண்ணி இருக்குன்னாங்க அக்கா. அல்லாவுக்காகப் பாருங்க அக்கா."

சௌந்தரவல்லி குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். மடிப்பு அப்படியே நின்றது. அப்போது அவர் முகத்தை ரொபேர் பார்த்திருக்கிறார். "குண்டு விழுந்தப்பகூட இந்தத் தங்கச்சி மாதிரி ஒரு மொகத்தை நான் பாத்ததில்லை சார்" என்று என்னிடம் சொன்னார்.

சாலை இல்லை. டாக்டரிடம் தூக்கிப் போக வழியில்லை. அரிசியைக் குழையக் கொதிக்க வைத்து, தெளிந்த கஞ்சியை இறுத்து, உப்பைக் கிள்ளிப் போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார். "கண்ணீரு கரிக்குற அளவுக்கு மேல உப்புப் போகப்படாது." பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டு, ஸ்பூனால் ஊட்ட ஆரம்பித்தார். வாந்தி எடுத்தது. சிறிது பொறுத்து மறுபடி ஊட்டினார். மறுபடி எடுத்தது. மறுபடி ஊட்டினார். தாயை ஒரு மூலையில் படுக்க வைத்தார். மற்றவர்கள் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். அவர் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மதியம் அந்த அறையிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. ரொபேர் கம்பைப் போட்டுவிட்டு ஓடினார். சௌந்தரவல்லி மடியெல்லாம் ஈரமாக எழுந்து நிற்கிறார். குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

"மூத்திரம் போயிட்டா! அஜீசு, எழுந்திரு, உம் பொண்ணு மூத்திரம் போயிட்டா!"

நாற்பது பேரும் கைதட்டினார்கள். ஒரு பிள்ளை சிறுநீர் கழித்ததற்காக போலகத்தில் அப்படியொரு கொண்டாட்டம் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை. அவர் அழுததைத் தெருவே பார்த்தது. தம்பிக்காக அழாத அழுகையும் அதில் சேர்ந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "சந்தோசங்க, வேற என்னா" என்றார்.

பதினோராம் நாள் சோமசேகரன் நடந்தே ஊர் வந்தார். வழியெல்லாம் கண்ட காட்சிகளுக்குப் பிறகு, மனைவி உயிரோடு இருந்தால் போதும் என்றுதான் வேண்டிக்கொண்டு வந்தாராம். கொல்லையில் பந்தி நடந்துகொண்டிருந்தது. முருங்கைக்கீரைக் குழம்பு, சோறு. ரொபேர் பரிமாறிக்கொண்டிருந்தார். அந்தப் பதினொரு நாளில் அந்த வளாகத்தில் ஒருவருக்கும் புதிதாகப் பேதி வரவில்லை.

"கரண்டு எப்ப வரும்னு நான் கேக்க மாட்டேன்" என்றார் சௌந்தரவல்லி. "கால் கழுவிட்டு உக்காருங்க."

லைன்மேன் உட்கார்ந்து சாப்பிட்டார். அதன் பிறகு மனைவியின் ஏற்பாடு எதையும் அவர் கேள்வி கேட்டதில்லை. பூட்ஸ் விஷயத்தில்தான் இன்னும் திருந்தவில்லை.

உயிர் பிழைத்தாயிற்று, வயல் பிழைக்கவில்லை. தண்ணீர் வடிந்த நிலத்தில் உப்பு பூத்து வெள்ளையாகக் கிடந்தது. நல்ல விளைச்சல் தருகிற புது ரக நாற்றுகள் நட்ட பத்தாம் நாளே நுனி கருகின. நிலத்தை விற்றுவிட்டு பிரான்சிலிருக்கும் மகளிடமே போய்விடலாமா என்று ரொபேர் யோசித்தார்.

அப்போதுதான் பரணிலிருந்து பானைகள் இறங்கின. உள்ளே குழியடிச்சான் நெல். உவர் மண்ணில் தாங்கி வளர்கிற பழைய ரகம். விளைச்சல் குறைவு, அரிசி தடிமன் என்று எல்லோரும் கைவிட்டது. பிறந்த வீட்டு விதை வீணாகக் கூடாதென்று சௌந்தரவல்லி ஒரு மூலையில் ஆண்டுதோறும் விதைத்து, அறுத்து, புது விதையைப் பானையில் அடைத்து வைத்திருந்தார். எட்டுப் பானை ஒன்பது மாவுக்குக் காணும். எந்த வயல் அதிகம் வெளுத்திருந்ததோ அந்த வயல்காரருக்கு முதலில் கொடுத்தார். ரொபேருக்கு மூன்று பானை.

"இதுக்கு நான் என்னா குடுக்கணும் தங்கச்சி?"

"அறுத்ததும் ஒரு பானை உங்க பரண்ல ஏறணும். எல்லாத்தையும் ஒரே வீட்டுல வைக்கப்படாதுண்ணே. எங்கூடு விழுந்தா?"

ஆடியில் புழுதியில் விதைத்தார்கள். மழை வந்து உப்பைக் கொஞ்சம் கழுவியது. மிச்சத்தைப் பயிர் தாங்கிக்கொண்டது. தையில், வெள்ளையாகக் கிடந்த அந்த ஒன்பது மாவும் பழுத்துச் சாய்ந்து நின்றது. அடுத்த ஆண்டு விழிதியூர் வரை விதை போயிற்று. இன்றைக்குப் பதினெட்டு வீட்டுப் பரண்களில் பானைகள் இருக்கின்றன. ரொபேர் மகளுக்கு எழுதிய கடிதத்தில், தன்னால் வர முடியாது, அறுப்பு இருக்கிறது என்று எழுதினார்.

போன மாதம் விவசாயிகளுக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெரிய அதிகாரி ஒருவர் சௌந்தரவல்லியை மேடைக்கு அழைத்து, வீரம் என்றும் தொலைநோக்கு என்றும் கால்மணி நேரம் பேசினார். போலகத்திலிருந்து இரண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்த கூட்டம் விசிலடித்தது. அஜீசுன்னிசா மகளை இடுப்பில் தூக்கிக் காட்டினாள்; ஐந்து வயதுப் பெண் வெட்கத்தில் நெளிந்தது. ரொபேர் பழைய மெடலைக் குத்திக்கொண்டு எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

கைதட்டல் ஓயுமுன் ஒரு கதர்ச் சால்வையைப் போர்த்தினார்கள். போட்டோக்காரர், "இப்படிப் பாருங்கம்மா" என்றார். சௌந்தரவல்லி அவர் பக்கம் திரும்பவில்லை. சால்வையைத் தோளிலிருந்து உருவினார். இரண்டு கையாலும் விறைப்பாக இழுத்துப் பார்த்தார். நாலாக மடித்து, மேடை வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தி, நெசவு எவ்வளவு நெருக்கம் என்று ஒரு கண்ணைச் சுருக்கி ஆராய்ந்தார். பிறகு மைக் பக்கத்தில் இருப்பதை மறந்து, கீழே இருந்த கணவரைப் பார்த்து மகிழ்ச்சியோடு தலையசைத்தார்:

"தண்ணி வடிகட்ட ஆவுங்க!"