மிளகால் அளந்த பெட்டி

என் காரின் டிக்கி மிளகு மூட்டைக்கு உரியது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மாத்தளை டவுனில் சின்னதாக ஒரு வாசனைச் சரக்குக் கடை வைத்திருக்கிறேன். ரத்தோட்டைப் பக்கமும் நாவுலப் பக்கமும் போய் மிளகும் கராம்பும் எடுத்து வருவேன். அந்த டிக்கியில் பாட்டுப் பெட்டி வைக்க வேண்டும் என்று தங்கச்சி கேட்டபோது, "ஏன், கூரை மேல ஒரு கோயிலும் கட்டிருவமா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவளுக்குக் காது மந்தம். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு காதும் கெட்டு, மெஷின் வைத்துக்கொண்டாள். மெஷின் வந்ததும் பேச்சு தெளிவாகிவிட்டது, பாட்டுதான் பாழாய்ப் போனது. தவில் என்றால் உயிரை விடுகிறவள் அவள். மெஷின் வழியே வலப்பக்கத்துத் தட்டு மட்டும் 'டிக் டிக்' என்று கேட்குமாம். இடப்பக்கத்துத் தோலில், தொப்பி என்பார்களே, அதில் குச்சி விழும்போது வருகிற அந்தக் 'கும்' வரவே வராதாம். தேர் பார்க்க வருவதையும் நிறுத்திவிட்டாள். "தகரத்த தட்டுற மாதிரி இருக்குண்ணே. அதக் கேக்கவா கூட்டத்துல நசுங்கணும்?" என்பாள்.

அப்புறம் ஒருநாள் நாவுல பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். நம் ஊர் பஸ்காரர்கள் பாட்டை அலறவிடுவதைச் சொல்லவா வேண்டும்? சீட்டுக்கடியில் 'கும் கும்' என்று அதிர்கிற ஒரு பெரிய சப் வூஃபர் ஸ்பீக்கர் ஓடியிருக்கிறது. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"முதுகால கேட்டேண்ணே! நம்ம டிக்கியிலயும் அப்படி ஒரு பெட்டி வைப்போம், நானே செய்றேன். உங்க மூட்டை ஒண்ணுகூட கொறையாது. அதுலயும் கேக்கலன்னா, இனிமே பாட்டுன்னு வாயத் தொறக்க மாட்டேன்."

அந்தக் கடைசிப் பேச்சுக்குப் பிறகுதான் சரி என்றேன்.

கடையில் விற்கிற பெட்டிகள் எல்லாம் சதுரமானவை. எதை வைத்தாலும் பாதி டிக்கி போய்விடும். அவள் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, இடது சக்கரத்துக்குப் பின்னால் இருந்த கோணல் மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு தேங்காய்கூட ஒழுங்காக நிற்காது. "இது உங்களுக்கு வேணாந்தானே?" என்று கேட்டாள். அந்த மூலையை நான் அதுவரை கண்ணெடுத்துப் பார்த்ததுகூட இல்லை.

அவள் தையல்காரி. டவுனில் பாதிப் பெண்களின் ரவிக்கை அவள் கத்தரிக்குத்தான் வரும். அடக்கம் என்பது அவள் ஜாதகத்திலேயே கிடையாது. ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது என்று வந்தவளிடம், "என் அளவு தப்பாது, நீங்கதான் பெருத்துட்டீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். அதே திமிரோடுதான் காருக்கும் அளவெடுத்தாள். தாளை வெட்டி மூலையில் ஒட்டி, வளைவு வந்த இடத்திலெல்லாம் ரவிக்கைக்கு மடிப்புப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தாள். அந்த அச்சில் கண்ணாடி நாரால் ஆன ஃபைபர் பாயை விரித்துப் பசை பூசிக் காய்ந்ததும், மூலை அப்படியே பெயர்ந்து கைக்கு வந்த மாதிரி ஒரு ஓடு கிடைத்தது. ஸ்பீக்கர் உட்காரும் மரவளையத்தை முன்னால் சாய்த்து நிறுத்தி, ஓட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே துணியை இழுத்துக் கட்டினாள். ஒரு சுருக்கம் இல்லை. துணிமேலும் பசை பூசிக் காயவிட்டதும் பெட்டி கல்லாக இறுகியது. நான் கை கட்டிக்கொண்டு வாய் பார்த்தேன். இவ்வளவு அழகான ஒரு வேலை என் வீட்டு வாசலில் நடந்து நான் பார்த்ததில்லை.

உள்ளே எத்தனை லீட்டர் காற்று இருக்க வேண்டும் என்று ஸ்பீக்கரோடு வந்த தாளில் போட்டிருந்தது. பெட்டிக்குள் அதற்குக் கூடினால் சத்தம் தளரும், குறைந்தால் இரையும். சதுரப் பெட்டி என்றால் கணக்குப் போட்டுவிடலாம். இந்தக் கோணல் பெட்டியை எப்படி அளப்பது? உள்ளே அரிசியைக் கொட்டி, பிறகு அந்த அரிசியை அளக்கலாம் என்றாள். "பசை நாத்தத்துல சோத்துக்கு வச்ச அரிசியக் கொட்டுவீங்களா?" என்று என் மனைவி அரிசி டின்னின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அரிசி என்னாத்துக்கு? மிளகு இருக்கு" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

மூட்டை அவிழ்ந்தது. மிளகை நிரப்பி, பிறகு அதைக் கொட்டி அரிசி அளக்கிற சுண்டால் அளந்து பார்த்ததில் பெட்டி கொஞ்சம் பெரிது. தங்கச்சி உள்ளே மரத்துண்டுகளை ஒட்டி மறுபடி அளந்தாள். அளவு வந்தது. காற்று வெளியேற ஒரு குழாய் வைத்து, அதன் வாயைப் பின்சீட்டுப் பக்கம் திருப்பினாள். வயர் வேலைக்கு மட்டும் ஆள் பிடித்தோம்.

நாவுல ரோட்டில், மரநிழலில் காரை நிறுத்தினேன். மனைவி முன்சீட்டில், தங்கச்சி பின்சீட்டில். தவில் பாட்டைப் போட்டேன். முதல் அடி விழுந்ததும் குழாய் ஒரு மூச்சு விட்டது. உள்ளே ஒட்டியிருந்த மிளகுத் தூள் அத்தனையும் காருக்குள் பறந்தது.

மூன்று பேரும் தும்மினோம். கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் இறங்கியும் தும்மினோம். மூக்கில் சேலைத் தலைப்பை அழுத்திக்கொண்டு மனைவி, "மிளகு யாவாரின்னு ஊருக்கே காட்டிட்டீங்க" என்றாள். தங்கச்சி தும்மலுக்கு நடுவே சிரித்து, சிரிப்புக்கு நடுவே தும்மினாள். அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

வீட்டுக்கு வந்து ஸ்பீக்கரைக் கழற்றி, உள்ளே ஈரத்துணியால் துடைத்து, மேலே இன்னொரு பூச்சும் பூசினாள். அது காய்ந்த பிறகு கடைக்கு முன்னாலேயே வைத்துப் பார்த்தோம். என் மூட்டைகள் எல்லாம் டிக்கியில் இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. தங்கச்சி காது மெஷின் இரண்டையும் கழற்றிக் கையில் பொத்திக்கொண்டு, சீட்டில் முதுகைச் சாய்த்தாள்.

பாட்டு தொடங்கியது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். சீட்டு அதிர்ந்தது.

தங்கச்சி கண்ணைத் திறந்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணே, கொறைங்க" என்றாள். "சத்தம் கூடிப்போச்சு."

முன்சீட்டில் இருந்த என் மனைவி சட்டென்று முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் உடனே குறைத்தேன். தங்கச்சி சொன்ன ஒன்றை மறுபேச்சில்லாமல் நான் செய்தது அதுதான் முதல் தடவை.