விரலில் ஒட்டிய சாறு

ஃபிரிட்ஜில் தொங்கிய அந்தச் சின்னப் பூட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. பெரியம்மா திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறாள் என்று அவள் பெற்ற மகன், என் அண்ணன், மாட்டிய பூட்டு. குன்னூரில் பேரிக்காய் காய்க்கும் மாதங்களில் அண்ணி வீட்டிலேயே ஜாம் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பாள். விடிந்ததும் கூடை கூடையாகக் காய் சீவுவது பெரியம்மாவின் வேலை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அண்ணன் அவள் விரலைக் குத்தி மீட்டரில் சர்க்கரை பார்ப்பான். முன்னூறைத் தாண்டி நிற்கும். "சத்தியமா ஒண்ணும் திங்கலீடா சாமி" என்று கெஞ்சுவாள். அவன் மீட்டரைத்தான் நம்பினான். டாக்டரிடம் அந்த எண்களைச் சொல்லி மாத்திரையைக் கூட்டினான். இரவுச் சாப்பாட்டையும் பாதியாக்கினான்.

ஒருநாள் சீவிய காய்களுக்கு நடுவிலேயே அவள் சுருண்டு விழுந்தாள். நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறியது. கை நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியபின்தான் கண் திறந்தாள். "காலையில கூட முன்னூறுக்கு மேல இருந்துச்சே" என்று அண்ணன் அடித்துச் சொன்னான். அவன் கையோடு கொண்டுவந்திருந்த மீட்டரைப் பார்த்தேன், பழுதில்லை. ஸ்டிரிப்பும் காலாவதியாகவில்லை. "கையைக் கழுவிட்டா குத்துனீங்க?" என்று கேட்டேன். "சீலையில தொடச்சுக்குவாங்க" என்றான்.

மறுநாள் வார்டில் அவன் முன்னாலேயே ஒரு பேரிக்காயைச் சீவி, விரலைத் துணியில் துடைத்துவிட்டுக் குத்திக் காட்டினேன். சர்க்கரை நோயே இல்லாத எனக்கும் முன்னூறுக்கு மேல். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து மறுபடி பார்த்தால் தொண்ணூற்றுச் சொச்சம். "விரல்ல ஒட்டியிருந்த சாறுதாங்ண்ணா."

"மெஷின் அப்படிக் காட்டுனா நான் என்ன பண்றது?" என்றான்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த பெரியம்மா மெல்லச் சொன்னாள்: "மெஷினுக்கு என்னைத் தெரியாது சாமி. உனக்குமா தெரியாது?"

பூட்டைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் அதன்பிறகு அந்த வீட்டில் அவள் தானாக எதையும் எடுத்துத் தின்னவில்லை. நான் பழம் கொடுத்தாலும் மகன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை நீட்டுவாள்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோனாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அண்ணன், "சுகருங்க. வாயைக் கட்டுங்கன்னா எங்கீங்க கேட்டாங்க?" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா எதையும் திருடித் திங்கலீங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அண்ணன் என் பக்கம் திரும்பவேயில்லை.

"இவளுக்கு அம்மா மேல பாசம் ஜாஸ்திங்க" என்றான்.